மாத்திரையும் மரபணுவும்



வைட்டமின் 'டி' எலும்புக்கு வலுவூட்டும் என்பதை அறிவீர்கள். அச்சத்து எலும்போடு நின்றுவிடாமல் உயிரணுவின் உட்கருவரை சென்று மரபணுக்களையும் இயக்குகிறது என்பதை அறிவீர்களா?

வெயில் பட்டு நம் தோலில் உருவாகும் இச்சத்து, முதலில் கல்லீரலிலும் பின்னர்ச் சிறுநீரகத்திலும் மாற்றம் பெற்று ஹார்மோன் ஆகிறது. உயிரணுவுக்குள் அதற்கெனவே அமைந்த புரதம் ஒன்று அதனைப் பற்றிக்கொண்டு, மரபணு இழையின் குறிப்பிட்ட இடங்களில் சென்று அமர்கிறது. அதனால் சில மரபணுக்களின் வேலை கூடுகிறது. சிலவற்றின் வேலை குறைகிறது. மரபணுக்கள் மாறிவிடுவதில்லை, அவற்றின் செயல்பாடே மாறுகிறது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். உடல்நலமுள்ள எட்டுப் பேருக்குக் குளிர்காலத்தில் இரண்டு மாதங்கள் இச்சத்தை நாள்தோறும் கொடுத்தனர். சிலருக்கு 400 அலகு; சிலருக்கு 2,000 அலகு. பின்னர் இரத்த வெள்ளணுக்களைச் சோதித்தபோது 291 மரபணுக்களின் செயல்பாடு மாறியிருந்தது.

இதைப் படித்தவுடன் மருந்துக் கடைக்கு விரைந்துவிடாதீர்கள்! ஆய்வுக்கு உட்பட்டோர் எட்டே பேர். மேலும், மரபணுவின் செயல்பாடு மாறியது என்பதும், நோய் தடுக்கப்பட்டது என்பதும் ஒன்றல்ல. அதே நாட்டில் ஏறத்தாழ 26,000 பேரைக் கொண்டு நடந்த பேராய்வின் முடிவு 2018இல் வெளிவந்தது. ஒரு சாராருக்கு நாளொன்றுக்கு 2,000 அலகும், மறு சாராருக்கு வெற்று மாத்திரையும் தரப்பட்டன. புற்றுநோயோ மாரடைப்போ புதிதாக வருவது முன்னவரிடம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.

அப்படியாயின் இச்சத்து வீணா? அல்ல. குறைபாடு உள்ளவருக்கு இது இன்றியமையாதது. இது இன்றேல் குழந்தைகளின் கால்கள் வளையும். பெரியவர்களின் எலும்புகள் மெலியும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் முதியோருக்கும், உடல் முழுவதும் மறைத்து வெளியில் செல்லும் பெண்களுக்கும் வெயில் குறைவாகவே கிடைக்கிறது. அத்தகையோர் மருத்துவரிடம் கலந்து பேசுவது நன்று.

ஆனால், வாரத்திற்கு ஒன்று என்று மருத்துவர் எழுதித் தரும் 60,000 அலகு மாத்திரையை, 'சத்து மாத்திரைதானே!' என்று நாள்தோறும் விழுங்கினால் என்னவாகும்? இரத்தத்தில் கால்சியம் மிகுந்து, வாந்தியும் சோர்வும் தோன்றும், சிறுநீரகமே பழுதாகலாம்.

இன்றிரவே உங்கள் உம்மா, வாப்பாவின் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். எது தினமும், எது வாரம் ஒருமுறை என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். பெற்றோருக்கு நாம் செய்யும் பணிவிடைகளுள் இதுவும் ஒன்று.