சிரங்குக்கு வேப்பிலை அரைத்தால் மட்டும் போதுமா?

நண்பர்களே, ஒரு வாரமாக நான் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே செய்தி சுற்றுகிறது. "சொறி சிரங்குக்கு ஆஸ்பத்திரி வேண்டாம், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுங்கள், இங்கிலீஷ் மருந்து விஷம்" என்று. படித்தவர்களே இதை அனுப்புவதுதான் வருத்தம்.

வேப்பிலையை நான் பழிக்கவில்லை. 1992-இல் வெளியான ஓர் ஆய்வில் வேப்பிலை மஞ்சள் விழுது பூசிய 814 பேரில் 97 சதவீதம் பேருக்கு 3 முதல் 15 நாளில் குணமானது. ஆனால் ஆய்வாளர்களே அதை முன்னோட்ட ஆய்வு என்றுதான் தலைப்பில் போட்டார்கள். முன்னோட்டம் தீர்ப்பு ஆகாது.

சிரங்கு என்பது ரத்தக் கொதிப்போ சூடோ அல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது. முதல்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் கூடப் படுக்கும் தம்பிக்கும் பாட்டிக்கும் பரவிவிடும். நாமோ அரிக்கிற பிள்ளைக்கு மட்டும், அரிக்கிற இடத்தில் மட்டும், இரண்டு நாள் பூசிவிட்டு நிறுத்துகிறோம். பிறகு எப்படிப் போகும்?

மருத்துவர்கள் தரும் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பை இரவில் கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கப் பூசி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். வீட்டில் அரிப்பு இல்லாதவர்களும் அதே நாளில் பூச வேண்டும். துணி, போர்வையைச் சுடுநீரில் துவைக்க வேண்டும். கைக்குழந்தை, கர்ப்பிணி இருந்தால் மருத்துவரைக் கேட்டே எதையும் பூசுங்கள். அவர்களுக்குக் கந்தகக் களிம்பும் எழுதித் தருவார்கள். கந்தகம் நம் சித்த மருத்துவத்துக்குப் புதிதா? பயன் தருவதை அலோபதியும் ஒதுக்கவில்லை. சண்டை மூலிகைக்கும் மாத்திரைக்கும் இல்லை.

சொறிந்த புண்ணில் கிருமி புகுந்தால் சிறுநீரகம் வரை பாதிக்கும். முகம் வீங்கினாலோ சிறுநீர் சிவந்தாலோ ஒரு நாளும் தள்ளாதீர்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. விரலிடுக்கில் சிரங்கு வந்த பிள்ளையை "அழுக்கு" என்று கடைசி பெஞ்சில் உட்கார வைப்பதை நான் பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். தினமும் குளிக்கிற பிள்ளைக்கும் இது வரும். நெருங்கிப் படுக்க ஒரே பாய் இருப்பது அந்தப் பிள்ளையின் குற்றமா? பெற்றோரை அழைத்து, குடும்பத்தோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள்.

அந்தச் செய்தி உங்களுக்கும் வந்தால், அனுப்பியவருக்கு இதைத் திருப்பி அனுப்புங்கள்.