தோற்றவர் காத்த மௌனம்

தோல்வி கண்டு துவளாதே என்று நாம் பிள்ளைகளுக்கு ஓயாது கூறுகின்றோம். கூறுதல் எளிது. பல்லாயிரவர் கண்முன்னே தோற்றவனுக்கு அதனைக் கடைப்பிடித்தல் அரிது. அமெரிக்க மக்கள் பெரிதும் விரும்பும் பேஸ்போல் ஆட்டத்தின் வரலாற்றில் அத்தகைய ஒருவரைக் காண்கின்றோம்.

அவ்வாட்டத்தை அறியாதார்க்கு ஒரு சொல். ஒருவர் பந்தெறிய மற்றவர் கட்டையால் அடிப்பார். ஒவ்வோரணிக்கும் ஒன்பது முறை ஆட வாய்ப்புண்டு. மூவர் ஆட்டமிழந்தால் ஒரு முறை முடியும். அடித்தவர் மூன்று தளங்களையும் கடந்து, புறப்பட்ட இடத்தை அடைந்தால் ஓர் ஓட்டம். பந்து நேரே வேலிக்கு அப்பால் வீழுமாயின், அவரும் தளங்களில் நிற்போரும் ஒருங்கே ஓட்டம் பெறுவர்.

1951ஆம் ஆண்டில், நியூ யோர்க் நகரின் இரு தொழில்முறை அணிகளாகிய டொட்ஜர்ஸும் ஜயன்ட்ஸும் தம் லீக்கின் முதலிடத்துக்குப் போட்டியிட்டன. ஆகஸ்ட் 11ஆந் திகதி டொட்ஜர்ஸ் அணி 13 ஆட்டங்கள் முன்னே நின்றது. ஜயன்ட்ஸ் அணியோ இறுதி 44 ஆட்டங்களுள் 37இல் வென்று சமநிலை எய்திற்று. முடிவு காண மூன்று ஆட்டங்கள் வகுக்கப்பட்டன. முதலிரண்டில் ஆளுக்கொன்றை வென்றனர். மூன்றாவது ஆட்டம் ஒக்டோபர் 3ஆந் திகதி போலோ கிரவுண்ட்ஸ் அரங்கில் நிகழ்ந்தது.

ஜயன்ட்ஸ் தன் ஒன்பதாம் முறையைத் தொடங்கியபோது டொட்ஜர்ஸ் 4, ஜயன்ட்ஸ் 1. ஒருவர் ஆட்டமிழக்க, ஓர் ஓட்டம் சேர, இருவர் தளங்களில் நின்றனர். களைத்துப்போன டொன் நியூகம்பை விலக்கி, 25 வயதினரான ரல்வ் பிராங்காவைப் பந்தெறிய அழைத்தனர். எதிரே பொபி தொம்சன். இரண்டாம் பந்து இடப்புற வேலியைத் தாண்டிற்று. மூன்று ஓட்டங்கள், 5க்கு 4 என ஜயன்ட்ஸ் வென்றது. அரங்கம் ஆர்ப்பரித்தது. பிராங்கா உடைமாற்றும் அறையின் படிக்கட்டிலே முகம் கவிழ்ந்து கிடந்தார்.

அன்று வென்ற அணி ஒரு வாரத்துள் யாங்கீஸ் அணியிடம் தோற்றது. அதனை நினைப்பார் சிலரே. பிராங்கா எறிந்த அந்த ஒரு பந்தை மாத்திரம் உலகம் மறக்கவில்லை.

சில ஆண்டுகளின் பின், வேறோர் அணியில் ஆடுகையில், தோழர் ஒருவர் வாயிலாகப் பிராங்கா ஓர் இரகசியத்தை அறிந்தார். என்ன பந்து எறியவேண்டும் என்று பந்து பிடிப்பவர் விரலாற் காட்டும் சைகையை, ஜயன்ட்ஸ் அணியினர் தூரத்து அறையிலிருந்து தொலைநோக்கியாற் பார்த்து, மின்மணி மூலம் தம்மவர்க்கு அறிவித்து வந்தனராம்! தம் பழியைத் துடைக்க இதனினும் நல்ல படைக்கலம் வேறென்ன வேண்டும்? அவரோ அதனை ஊரறிய எடுத்து வீசினாரல்லர். 2001ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகை அச்செய்தியை வெளியிடும்வரை பொதுவில் வாய் திறவாதிருந்தார். எந்தப் பந்து வருமென்று தெரிந்திருந்தாலும், அதனை அடிக்கவேண்டியவர் தொம்சனே அன்றோ என்பது அவர் கருத்து. தொம்சனோ, அந்தப் பந்துக்குத் தாம் சைகை பெறவில்லை என்றே கூறினார். இருவரும் பல்லாண்டு நண்பராய், விழாக்களில் அருகருகே இருந்து கையொப்பமிட்டனர். தொம்சன் 2010இலும் பிராங்கா 2016இலும் மறைந்தனர்.

சூழ்ச்சியை அறிந்தும் பேசாதிருத்தல் அறமாகுமா என்று மாணவர் வினவலாம். வினவவேண்டியதே. அன்று தோற்றவர் அவர் ஒருவரல்லர், அணியினர் அனைவருமே. ஆதலின் அம்மௌனத்தை யாவரும் மெச்சவேண்டும் என்பதில்லை. உண்மை வெளிப்பட்ட பின் அச்செயல் தவறென்று கூற அவரும் தயங்கவில்லை. ஆயினும், கையில் தக்க காரணம் இருந்தும் அதனைக் காட்டித் தப்ப முயலாத உறுதியை நாம் வேறெங்கே காண்போம்? பரீட்சையிற் புள்ளி குறைந்தால் வினாத்தாளையும், ஆட்டத்தில் தோற்றால் நடுவரையும் நோகும் நமக்கு, அந்த உறுதியிற் சிறிதேனும் வேண்டும்.