‘கல்விசாரா’ ஊழியரும் கல்வியின் விலையும்

நமது பல்கலைக்கழகங்களில் உழைக்கும் ஒரு பெரும் பிரிவினரை அவர்கள் செய்யும் தொழிலைக் கொண்டன்றி, செய்யாத தொழிலைக் கொண்டே நாம் அழைத்து வருகின்றோம். எழுதுவினைஞர், நூலக உதவியாளர், ஆய்வுகூட உதவியாளர், மின்னியலாளர், சாரதி, விடுதிப் பணியாளர் ஆகிய யாவரும் ‘கல்விசாரா ஊழியர்’ என்ற ஒரே பெயருக்குள் அடக்கப்படுகின்றனர். ஒருவரின் உழைப்புக் கல்வியைச் சாராதது எனப் பெயரிலேயே தீர்ப்பளித்துவிட்டால், அவரது ஊதியத்தில் கைவைப்பது கல்வியில் கைவைப்பதாகாது என வாதிடுவதும் எளிதாகிவிடுகின்றது. இவ்வாதம் பொய்யானது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இதனை நிரூபிக்க ஏட்டுச் சான்றுகள் வேண்டியதில்லை. 2024 மே 2ஆந் திகதி நாடெங்குமுள்ள அரச பல்கலைக்கழகங்களின் கல்விசாரா ஊழியர்கள் தொடர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. விரிவுரையாளர் இருந்தனர், மாணவரும் இருந்தனர், பல்கலைக்கழகம் இயங்கவில்லை. கல்வியைச் சாராதோர் விலகி நின்றபோது கல்வியே நின்றுபோனது எவ்வாறு? அப்பெயரைச் சூட்டியவர்கள் இவ்வினாவுக்கு இன்றுவரை விடையளிக்கவில்லை.

அவர்கள் கேட்டது சலுகையன்று. 2016 முதல் அரச சேவையில் நடைமுறைக்கு வந்த சம்பளத் திருத்தத்தில் தமக்கு 15 சதவீதம் குறைந்துவிட்டது என்பதும், மாதாந்த இழப்பீட்டுப் படியில் தமக்குரியது வழங்கப்பட வேண்டும் என்பதும் அவர்களது முதன்மைக் கோரிக்கைகள். ஆண்டுகள் பலவாகத் தீர்க்கப்படாது கிடந்த பிணக்கே வேலைநிறுத்தமாக வெடித்தது. வெடித்த நாளில் மட்டும் மாணவரின் எதிர்காலம் குறித்துக் கண்ணீர் வடித்தோர், பிணக்கு முற்றி வந்த ஆண்டுகளில் எங்கிருந்தனர்?

“திறைசேரியில் பணமில்லை” என்பது வழக்கமான மறுமொழி. பணமில்லாமற் போனது எவ்வாறு என்பதையும், அதன் சுமை யார் தலையில் இறக்கப்பட்டது என்பதையும் நோக்குவோம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். பின்னர் பணவீக்கம் தணிந்தது உண்மையே. ஆனால் பணவீக்கம் தணிதல் என்பது விலையேற்றத்தின் வேகம் குறைதலேயன்றி, விலைகள் பழைய நிலைக்கு இறங்குதலன்று. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் உடன்பாடு எட்டப்பட்டது. அதே ஆண்டில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது, தொழிலாளரின் சேமலாப நிதிகள் வைத்திருந்த திறைசேரி முறிகள் புதிய முறிகளாக மாற்றப்பட்டன. வங்கிகள் வைத்திருந்த முறிகள் தொடப்படவில்லை. கடன்பட்டவர் ஒருவர், கடனிறுப்பவர் வேறொருவர் என்பதே இதன் பொருள்.

2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அரச துறையின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்துவதாக அறிவித்தது. உயர்வு 15,750 ரூபா எனச் செய்தித்தாள்கள் எழுதின. ஏற்கெனவே வழங்கப்பட்டு வந்த 7,500 ரூபாப் படிகள் அடிப்படைச் சம்பளத்துடன் இணைக்கப்பட்டமையால் நிகர உயர்வு 8,250 ரூபாவே. இந்த உயர்வும் 2027 ஜனவரி வரை கட்டங்கட்டமாக வழங்கப்படுவதாகவே திட்டமிடப்பட்டது. இங்கு நாம் கவனிக்க வேண்டியது கணக்கின் சூட்சுமத்தையாகும். அடிப்படைச் சம்பளத்தின் ஒரு விகிதமாகக் கணிக்கப்படும் படியைப் பழைய தொகையிலேயே நிறுத்திவிட்டால், ஒரு கையால் கொடுத்ததன் பகுதியை மறு கை எடுத்துக்கொள்கின்றது. 2025 மார்ச்சில் பல்கலைக்கழக ஊழியர்கள் மீண்டும் எதிர்ப்பில் இறங்கியதன் காரணம் பேராசையன்று. அவர்கள் கணக்கறிந்தவர்கள் என்பதேயாகும்.

“வேலைநிறுத்தத்தால் பாதிக்கப்படுவோர் ஏழை மாணவரே” என்பது இரண்டாவது மறுமொழி. பாதிப்பை நாம் மறுக்கவில்லை. ஆயின் 2012இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு கோரி விரிவுரையாளர்கள் மூன்று மாதங்களுக்கு மேல் பணி விலகி நின்றபோதும் விரிவுரைகள் நடைபெறவில்லை. அதனைக் கல்வியைக் காக்கும் போராட்டமெனப் போற்றினோம், போற்றியது சரியே. அன்று சரியென நமக்குப்பட்டது, கோரிக்கையாளர் கறுப்பு அங்கி அணியாதவராயின் மட்டும் தவறாகிவிடுமா? அந்த 6 சதவீதத்துள் பரீட்சைக் கிளையின் எழுதுவினைஞருக்கும் நூலக உதவியாளருக்கும் பங்கில்லை என்றா விரிவுரையாளர் கருதினர்?

தொழிற்சங்கங்களுக்கும் கூற வேண்டியது ஒன்றுண்டு. பல வளாகங்களிலே துப்புரவும் காவலும் தனியார் ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன. அங்கு உழைப்போர் நிரந்தர ஊழியரினும் பலவீனமான நிலையில் உள்ளனர். அவர்களுக்காகக் குரல்கொடாத சங்கம், நாளை தன் உறுப்பினரின் இடத்துக்கே ஒப்பந்தக்காரர் வரும்போது துணையின்றித் தனித்து நிற்கும். அவ்வாறே, மாணவரிடம் தன் கோரிக்கையை விளக்கிக் கூறாத சங்கம், அம்மாணவரின் சினத்தை ஆட்சியாளரின் ஆயுதமாக்கிவிடுகின்றது.

இலவசக் கல்வி 1945இல் தொடங்கியது என்று பெருமையுடன் கூறுகின்றோம். மாணவன் கட்டணம் செலுத்தாவிடினும் கல்விக்கு விலையுண்டு. அவ்விலையை அரசு செலுத்த வேண்டும் என்பதே அக்கொள்கையின் சாரம். அரசு செலுத்த மறுக்கும் பகுதியை ஊழியனின் சம்பளப் பட்டியலிலிருந்து அறவிடுவதற்கு நாம் மௌனமாய் உடன்படுவோமாயின், அடுத்த முறை அது மாணவனின் கைகளிலிருந்தே அறவிடப்படும். ஆகவே ஊழியரின் போராட்டத்தில் விரிவுரையாளரும் மாணவரும் நடுநிலையாளராக நிற்றல் இயலாது. அது நமது போராட்டமுமாகும்.