சின்ன மானியமும் மார்ச் 31-ம்

மானியம் என்ற சொல்லைக் கேட்டால் நம் வயதுக்காரர்களுக்கு உர மானியமும் கேஸ் மானியமும்தான் முதலில் நினைவுக்கு வரும். இன்னும் மூத்தவர்களுக்குக் கோயில் மானியம், இனாம் நிலம். பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் மானியம் என்றால் ஆராய்ச்சி மானியம். டெல்லியில் இருக்கும் குழுவின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறதே, பல்கலைக்கழக மானியக் குழு என்று!

நான் பேராசிரியர் அல்ல. ஒரு பல்கலைக்கழகத்தின் கணக்குப் பிரிவில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். கடைசிப் பதினோரு வருடம் ஆராய்ச்சித் திட்டங்களின் கோப்புகள் என் மேஜை வழியாகத்தான் போயின. இயற்பியல், வேதியியல், தமிழ், பொருளாதாரம், கல்வியியல் என்று எல்லாத் துறைக் கோப்புகளும் வரும். அவற்றில் கல்வியியல் துறைக் கோப்புதான் எப்போதும் ஒல்லியாக இருக்கும். அந்த ஒல்லிக் கோப்பைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்வி ஆராய்ச்சிக்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. சின்னத் தொகை போதும். ஆனால் அது பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சாதாரண ஆசிரியரின் கைக்கு, சரியான மாதத்தில் போய்ச் சேர வேண்டும். நம் மானிய முறை இதற்கு நேர்மாறாகப் போய்க்கொண்டிருக்கிறது.

முதலில், யார் யார் கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம். மானியக் குழு 1953-ல் தொடங்கி, 1956-ல் சட்டப்படியான அமைப்பானது. சமூக அறிவியலுக்கென்று இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் 1969-ல் வந்தது. ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். என்று சொன்னால்தான் கல்லூரிகளில் புரியும். பள்ளிப் பாடநூல்களுக்குப் பேர்போன என்.சி.இ.ஆர்.டி.யும் 'எரிக்' என்ற தன் குழுவின் வழியாகக் கல்வி ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறது. கல்வியியல் பேராசிரியர்கள் பெரும்பாலும் இந்த மூன்று கதவுகளைத்தான் தட்ட வேண்டும்.

இப்போது நான்காவதாக ஒரு பெரிய கதவு வந்திருக்கிறது. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை. 2023-ல் சட்டம் நிறைவேறியது. ஐந்து ஆண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியே தொழில் நிறுவனங்கள், கொடையாளர்கள் போன்றோரிடமிருந்து வர வேண்டும் என்பது கணக்கு. செய்தியைப் படித்தபோது எனக்கும் மகிழ்ச்சிதான். பிறகு சட்டத்தைப் பார்த்தேன். இயற்கை அறிவியல், பொறியியல், சுகாதாரம், வேளாண்மை எல்லாம் இருக்கின்றன. மானுடவியல் துறைகளும் சமூக அறிவியலும் எங்கே என்று தேடினால், அவை அறிவியல் தொழில்நுட்பத்தோடு வந்து தொடுகிற இடத்தில் மட்டும் இருக்கின்றன. அதாவது கல்வியியல்காரர் கணினி, செயற்கை நுண்ணறிவு என்று ஏதாவது சேர்த்துக்கொண்டால் உள்ளே எட்டிப் பார்க்கலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏன் வாசிக்க வரவில்லை என்று கேட்பவருக்கு அந்த வாசலில் இடம் கிடைப்பது சிரமம்.

சரி, மானியக் குழு என்ன செய்கிறது? 2022 ஆசிரியர் தினத்தன்று ஐந்து திட்டங்களை அறிவித்தது. புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கு கோத்தாரி பெயரில் 10 லட்சம். பணியில் இருக்கும் 200 ஆசிரியர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு 10 லட்சம். ஓய்வு பெற்ற பேராசிரியர்கள் 100 பேருக்கு மாதம் 50,000 ரூபாய் உதவித்தொகை. (நம்மைப் போன்ற அலுவலகக்காரர்களுக்கு அது கிடையாது, ஆசைப்பட வேண்டாம்!) நல்ல திட்டங்கள்தான். ஆனால் பணியில் இருப்பவருக்கான தகுதியைப் பாருங்கள். ஐந்து பேரை முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டி முடித்திருக்க வேண்டும். வெளி நிதியில் ஏற்கெனவே இரண்டு ஆராய்ச்சித் திட்டங்களை முடித்திருக்க வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்தக் கதைதான். மானியம் வாங்கியவருக்குத்தான் மானியம். முதல் மானியத்தை எங்கே போய் வாங்குவது?

நாடு முழுவதற்கும் 200 பேர். அதில் எல்லாப் பாடங்களும் போட்டி. கல்வியியலுக்கு எத்தனை மிஞ்சும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். நம் மாநிலத்தில் 2008-ல் ஆசிரியர் கல்விக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் வந்தது. அதன் கீழ் இருக்கும் பி.எட். கல்லூரிகளில் பெரும்பாலானவை சுயநிதிக் கல்லூரிகள். மானியக் குழுவின் பணம் வர வேண்டுமென்றால் கல்லூரிக்கு 12பி என்ற தகுதி வேண்டும். அது இல்லாத கல்லூரியில் எவ்வளவு கெட்டிக்கார ஆசிரியர் இருந்தாலும் விண்ணப்பமே போட முடியாது.

எதற்கு இந்தப் புலம்பல், கல்வியியல் ஆராய்ச்சியால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது நினைவிருக்கும். பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து அட்டைகளை வைத்துப் படித்தார்களே, அதுதான். ஆந்திராவின் ரிஷி வேலியில் உருவான முறையிலிருந்து எடுத்து, பிறகு மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டு போனார்கள். கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் இல்லம் தேடிக் கல்வி, 2022-ல் எண்ணும் எழுத்தும் வந்தன. ஒவ்வொன்றிலும் லட்சக்கணக்கான குழந்தைகளின் படிப்பு அடங்கியிருக்கிறது. இது உங்கள் ஊர்ப் பள்ளியில் எப்படி நடக்கிறது, எந்தப் பிள்ளைக்கு ஒத்துவருகிறது, எந்தப் பிள்ளை விட்டுப் போகிறது என்று நிதானமாக உட்கார்ந்து பார்ப்பது யார்? 2005-லிருந்து பிரதம் அமைப்பு 'அசர்' அறிக்கை வெளியிடுகிறது. எத்தனை பிள்ளைகளுக்கு வாசிக்க வருகிறது என்று அது சொல்லும். ஏன் வரவில்லை என்பதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பவர்தான் சொல்ல முடியும்.

நான் கண்ட ஒரு கோப்பைச் சொல்கிறேன். எங்கள் கல்வியியல் துறையில் ஒரு விரிவுரையாளர் அம்மா. பாடப் புத்தகத்தைக் கடகடவென்று வாசிக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், அதே எழுத்துகளில் வேறொரு வாக்கியம் எழுதிக் கொடுத்தால் ஏன் தடுமாறுகிறார்கள் என்பதுதான் அவர் கேள்வி. சுற்றுவட்டாரத்தில் பதினைந்து பள்ளிகள். கேட்ட தொகை, அதே மாதத்தில் அறிவியல் துறைக்கு வந்த ஒரு கருவியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

முதல் தவணை பிப்ரவரி மூன்றாம் வாரம் வந்தது. மார்ச்சில் பள்ளிகளில் தேர்வு வேலை, மே மாதம் விடுமுறை. ஆனால் மார்ச் 31-க்குள் செலவு செய்து பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும் என்று கடிதம். அந்த அம்மா என் மேஜை முன்னால் வந்து, "சார், பிள்ளைங்க ஸ்கூலுக்கு வர்றது ஜூன்ல. நான் மார்ச்சுல யாரைப் போய்ப் பார்க்கிறது?" என்று கேட்டார். விதிப்புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை.

அப்புறம் ரசீது விவகாரம். நகல் எடுக்க மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்க வேண்டும். அந்த ஊரில் இருந்ததோ ஒரே ஜெராக்ஸ் கடை. பஸ் போகாத ஊருக்கு ஷேர் ஆட்டோவில் போனால் ரசீது எங்கே வாங்குவது? தணிக்கையில் அந்த ஆட்டோ செலவை ஆட்சேபித்து எழுதினார்கள். கடைசித் தவணை வருவதற்குள் அறிக்கை போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. அதுவரை அவர் கைக்காசைத்தான் போட்டிருந்தார்.

ஆனால் அவர் கண்டுபிடித்தது? பல பிள்ளைகள் எழுத்தைப் பார்த்து வாசிக்கவே இல்லை, பக்கத்துப் பிள்ளை வாசிப்பதைக் கேட்டுப் பாடத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தினமும் புதிதாக இரண்டு வாக்கியம் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக வாசிக்கச் சொன்ன பள்ளிகளில் நிலைமை மாறியது. இது பெரிய தத்துவம் இல்லைதான். ஆனால் அந்தப் பதினைந்து பள்ளி ஆசிரியர்களுக்கு எந்த டெல்லி அறிக்கையையும்விட அது உபயோகமாக இருந்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சின்ன மானியங்களில் வீணானவையும் உண்டு. பழைய ஆய்வேட்டின் வினாத்தாளையே மாவட்டப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். திட்டக் காசில் லேப்டாப் வாங்கிய பிறகு திட்டத்தையே மறந்தவர்களும் உண்டு. பதவி உயர்வுக்குப் புள்ளி கிடைக்கும் என்பதற்காக மட்டும் விண்ணப்பித்தவர்கள் இன்னும் அதிகம். பைண்டு செய்த அறிக்கைகள் அலமாரியில் கரையானுக்குப் போயின. ஆகவே 'சின்னத் திட்டமெல்லாம் வேஸ்ட், பத்துப் பேருக்குப் பெரிதாகக் கொடுப்போம்' என்று நினைப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் குழாயில் ஒழுகுகிறது என்றால் வாஷரை மாற்ற வேண்டும், தெருவுக்கே தண்ணீரை நிறுத்தக் கூடாது.

அமெரிக்காவில் ஸ்பென்சர் அறக்கட்டளை என்று ஒன்று இருக்கிறது. கல்வி ஆராய்ச்சிக்கு மட்டுமே பணம் தருவது. பெரிய மானியங்களோடு, 50,000 டாலர் வரை சிறு மானியம் என்று தனியாகவே வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்க் கணக்கில் அது சின்னத் தொகை. பணக்கார நாட்டிலேயே சின்ன மானியத்துக்குத் தனி இடம் இருக்கும்போது, நமக்கு அது இன்னும் அவசியம் இல்லையா?

கணக்குப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் நான்கு யோசனைகள் சொல்கிறேன்.

ஒன்று, கல்வியியலுக்கென்று இரண்டு, மூன்று லட்சம் ரூபாய் அளவில் தனி மானியம் ஒதுக்க வேண்டும். முன்பு மானியம் வாங்கியிராதவர்களுக்கு அதில் பாதியாவது போக வேண்டும்.

இரண்டு, முதல் தவணை ஜூன் மாதத்தில் வர வேண்டும். பள்ளி ஆராய்ச்சிக்குப் பள்ளியின் காலண்டர்தான் கணக்கு. மார்ச் 31-ல் மிஞ்சிய பணத்தை அடுத்த கல்வியாண்டில் செலவழிக்க அனுமதி வேண்டும்.

மூன்று, சிறு செலவுகளுக்கு ஆராய்ச்சியாளரின் கையெழுத்துச் சான்றே போதும் என்று ஒரு வரம்பு வைக்க வேண்டும். நூறு ரூபாய் ஆட்டோவுக்கு ஆயிரம் ரூபாய் நேரத்தைத் தணிக்கையில் செலவழிப்பது யாருக்கும் லாபமில்லை. மனமிருந்தால் விதி மாறும். ஆராய்ச்சி மானியத்துக்கு ஜி.எஸ்.டி. கேட்டுக் கல்வி நிறுவனங்களுக்கு நோட்டீஸ் போனது. பலரும் எதிர்த்த பிறகு 2024 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் விலக்கு அளிக்கப் பரிந்துரைத்தது.

நான்கு, இதுதான் முக்கியம். ஆய்வு முடிந்ததும் இரண்டு பக்கத்தில் தமிழில் சுருக்கம் எழுதி, எந்தப் பள்ளிகளில் ஆய்வு நடந்ததோ அந்தத் தலைமை ஆசிரியர்களிடம் கொடுத்து கையெழுத்து வாங்கி வர வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் கடைசித் தவணை கிடையாது. இந்த ஒரு விதி போதும், மாவட்டப் பெயரை மாற்றி அனுப்புகிறவர்கள் தானாகவே விலகிவிடுவார்கள்.

படிக்கிற உங்களில் பலருடைய மகளோ மருமகளோ தம்பி மகனோ கல்வியியல் துறையில் இருக்கலாம். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்., எரிக் இரண்டின் அறிவிப்புகளையும் விடாமல் பார்க்கட்டும். அறிவிப்பு வந்த பிறகு யோசிக்க ஆரம்பித்தால் நேரம் போதாது, கேள்வியை இப்போதே எழுதி வைக்கட்டும். பக்கத்துப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி ஒப்புதல் கடிதம் வாங்கட்டும். முதல் நாளே ஒரு செலவு நோட்டுப் போட்டு, துண்டு ரசீதையும் அதில் ஒட்டி வைக்கட்டும். முதல் முறை கிடைக்காவிட்டால் அதையே திருத்தி மறுபடி அனுப்பட்டும்.

கோத்தாரி கல்விக் குழு 1966-ல் தேசிய வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு என்று சொன்னது. அந்த அறிக்கை வந்த வருடம் பிறந்தவர்கள் இப்போது நம்மோடு சேர்ந்து பென்ஷன் வாங்குகிறார்கள். பெரிய தொகைகளுக்காகக் காத்திருந்தது போதும். ஒரு மாவட்டத்துக்கு ஒரு வருடம் ஐந்து சின்ன மானியம், ஜூன் மாதத்தில். அதைத்தான் கேட்கிறேன்.