பயணத் தேதியையும் கேளுங்கள்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் பல் கிளினிக் வைத்திருக்கும் எவருக்கும் இந்தப் பேச்சு பழக்கம்தான்: "டாக்டர், நாளாண்ணிக்கு பிளைட்டு. வலி நிக்கிறதுக்கு மட்டும் மாத்திர எழுதுங்க. மிச்சத்த அங்க போய்ப் பாத்துக்கிடுறேன்." கரிசல் காட்டில் மழை பொய்த்தால் தீப்பெட்டி ஆபீஸ், அதுவும் கட்டுப்படியாகாவிட்டால் துபாய், கத்தார், சிங்கப்பூர். மாதக்கணக்கில் கூசிக்கொண்டிருந்த கடைவாய்ப்பல், பெட்டி கட்டுகிற வாரத்தில்தான் நம்மிடம் வந்து சேர்கிறது.

அங்கே போய்ப் பார்ப்பது எளிதல்ல என்பதை நாம்தான் எடுத்துச் சொல்லவேண்டும். வளைகுடாவில் தொழிலாளிக்குக் கிடைக்கும் அடிப்படைக் காப்பீட்டில் பல்லுக்கு இடம் சொற்பம். கனடாவின் பொது மருத்துவக் காப்பீடு, மருத்துவமனையில் செய்தே தீரவேண்டிய வாய் அறுவைகளோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. பிரிட்டனில் என்.எச்.எஸ். பல் மருத்துவர் கிடைப்பதே பெரும்பாடு. இங்கே மார்பு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் எடுத்து விசா மெடிக்கலில் 'ஃபிட்' என்று வந்த சான்று, பல்லுக்கும் சேர்த்துத் தந்த சான்று அல்ல.

மாத்திரை எழுதுவதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. டிரமடால் கலந்த வலி மாத்திரையை நம்மில் பலர் கைப்பழக்கமாக எழுதுகிறோம். இந்தியாவிலேயே அது 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் டிரமடாலும் கோடீனும் கட்டுப்படுத்தப்பட்டவை. முன் அனுமதியில்லாமல் எடுத்துச் செல்வது குற்றமாகலாம். 2017-ல் டிரமடால் மாத்திரைகளோடு எகிப்தில் இறங்கிய பிரிட்டிஷ் பெண் ஒருவருக்கு மூன்றாண்டு சிறை விதித்தார்கள். கடன் வாங்கி விசா எடுத்தவரை நம் சீட்டு விமான நிலையத்திலேயே மாட்டிவிடக் கூடாது. ஒவ்வாத காரணம் இல்லையென்றால் இப்யூபுரூஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்தே பல்வலிக்குப் போதும். பல்கூழ் அழற்சி வலிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் ஐந்து நாளுக்கு அமாக்சிசிலின் கொடுத்து அனுப்பும் வழக்கம் நம்மிடையே தொடர்வது வருத்தமளிக்கிறது.

அப்படியானால் இரண்டு நாளில் என்னதான் செய்வது? கூழை எடுத்துவிட்டாலே பெரும்பாலும் வலி அடங்கும். பல் இடம் கொடுத்தால் வேர் சிகிச்சையை ஒரே அமர்வில் முடிக்கத் தயங்கவேண்டியதில்லை. முதல் வாரத்தில் வலி சற்றுக் கூடலாம். ஆனால் நெடுநாள் பலனில் பெரிய வேறுபாடில்லை என்பதே கோக்ரேன் ஆய்வுத்தொகுப்பு காட்டுவது. முடிக்க இயலாவிட்டால் கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து, மேலே கிளாஸ் அயனோமர் போட்டு இறுக அடையுங்கள். சாதாரண டெம்பரரி ஃபில்லிங்கை மட்டும் நம்பினால், ஊர்ப் பாசத்தில் பெட்டிக்குள் போகும் கடலை மிட்டாயே அதைப் பெயர்த்துவிடும். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பது போலத்தான். அரைகுறையாய் விட்ட பல் நடுவானில் தெறிக்க அதுவே போதும். பல் எடுத்தால் உலர்குழி வலி பெரும்பாலும் மூன்றாம் நாள் வாக்கில்தான் தலைகாட்டும். அப்போது அவர் லேபர் கேம்ப்பில் இருப்பார். மேல்தாடையில் சைனஸ் திறந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லும் துணிவு நமக்கு வேண்டும்.

அங்கே பார்க்கப்போகும் பல் மருத்துவருக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதி நோயாளியின் கையில் கொடுங்கள். எக்ஸ்ரேயை அவர் செல்போனுக்கு அனுப்புங்கள். பல்லின் எண்ணோடு பெயரையும் எழுதவேண்டும். நமக்கு 16 என்றால் மேல் வலது முதல் கடைவாய்ப்பல். அமெரிக்க முறையில் அது மேல் இடது ஞானப்பல். நம் பகுதியில் ஃபுளோரைடு மிகுந்த தண்ணீர் குடித்து வளர்ந்தவராக இருந்தால், பழுப்புக் கறை அதனால் வந்தது என்று ஒரு வரி சேருங்கள். ஃபுளோரோசிஸ் அதிகம் பார்த்திராத மருத்துவர் அதைச் சொத்தை என்று நினைத்துக் குடைந்துவிடாமல் இருக்க அது உதவும்.

கேஸ் ஷீட்டில் சர்க்கரை, ரத்த அழுத்தம் கேட்கும் இடத்திலேயே 'வெளிநாடு போகும் எண்ணம் உண்டா, எப்போது' என்றும் ஒரு கேள்வி இருக்கட்டும். மெடிக்கலுக்கும் டிக்கெட்டுக்கும் நடுவே பலருக்கும் சில வாரங்கள் கிடைக்கின்றன. நம் பல் மருத்துவச் சங்கக் கிளைகள் ஊரிலுள்ள விசா ஏஜென்ட்டுகளிடம் பேசி, மெடிக்கலுக்குப் போகச் சொல்லும் அன்றே பல்லையும் காட்டிவிடுமாறு சொல்லவைத்தால் இரண்டு நாள் அவகாசம் இரண்டு வாரமாகும். ஒரு வேர் சிகிச்சைக்கும் கேப்புக்கும் அது போதும்.