முதுமை வேறு, பழுது வேறு

2025 ஆகஸ்டில் பழைய வாகனங்கள் குறித்து இரண்டு முடிவுகள் அடுத்தடுத்து வெளியாயின. தில்லி வட்டாரத்தில் 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்கள், 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வாகனங்கள் ஆகியவற்றின் உரிமையாளர்கள் மீது வயதை மட்டும் காரணம் காட்டிக் கட்டாய நடவடிக்கை எடுக்கக் கூடாது என 12-ஆம் தேதி உச்சநீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. (டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பிஎஸ்-4, அதற்கு மேற்பட்ட தரமுள்ள வாகனங்களுக்கு மட்டும் எனச் சுருக்கப்பட்டது.) அதே மாதத்தில், 20 ஆண்டுகளைக் கடந்த கார்களின் பதிவைப் புதுப்பிப்பதற்கான கட்டணத்தை ரூ.5,000-லிருந்து ரூ.10,000-ஆக மத்திய அரசு உயர்த்தியது. 2022 ஏப்ரலுக்கு முன்பு பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் ரூ.600 மட்டுமே.

தில்லியின் காற்றை மனத்தில் கொண்டு எழுந்த விவாதம் இது. ஆனால், கட்டண உயர்வு விளாத்திகுளத்துக்கும் பொருந்தும். வைப்பாற்றங்கரையின் இந்தக் கரிசல் வட்டாரத்தில் பழைய கார் என்பது மலிவாகக் கிடைத்த ஆடம்பரம் அல்ல. மிளகாய் மூட்டை சந்தைக்குப் போவதும், நள்ளிரவில் பிரசவத்துக்குக் கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோ விரைவதும் அந்த ஒரே வண்டியில்தான். பொருளியல் மொழியில் சொன்னால், அது நுகர்பொருள் அல்ல, மூலதனம்.

அதை விற்றுவிட்டுப் புதிதாக வாங்க வேண்டியதுதானே என்று கேட்பவர்கள், மானாவாரி விவசாயிக்கு வருமானம் வரும் விதத்தைக் கணக்கில் கொள்வதில்லை. வடகிழக்குப் பருவமழையை நம்பி ஒரே ஒரு போகம். உளுந்து, பாசி, மக்காச்சோளம், மிளகாய் என எதை விதைத்தாலும் கையில் பணம் புரள்வது ஆண்டில் சில வாரங்கள்தான். புதிய காருக்கான கடன் தவணையோ மாதந்தோறும் ஒரே தேதியில் வரும்; மழை பொய்த்த ஆண்டிலும் வரும். பழுதுபார்ப்புச் செலவு அப்படியல்ல. மிளகாய் விற்ற கையோடு என்ஜினை இறக்கி வேலை பார்க்கலாம். விலை சரிந்துவிட்டால், ஓரளவு ஓடும் வண்டியை அடுத்த தை வரை ஓட்டிச் சமாளிக்கலாம். இப்படி ஒத்திப்போட முடிவதற்கே ஒரு பொருளாதார மதிப்பு உண்டு. வட்டி விகிதங்களை மட்டும் ஒப்பிடும் கணக்கில் அது தென்படாது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது வரவேற்கத்தக்கது. ஆனால், அதனால் தவணைத் தொகைதான் குறையும். தவணைத் தேதி மாறாது.

பட்டறைகளில் 'என்ஜின் வேலை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது, உண்மையில் பல நுட்பமான வேலைகளின் தொகுப்பு. காற்று வடிகட்டி கிழிந்தால், உள்ளே புகும் நுண்ணிய கரிசல் தூசி சிலிண்டர் சுவரை உப்புத்தாள் போலத் தேய்க்கும். பிஸ்டன் வளையங்கள் தளர்ந்து அழுத்தம் குறையும். என்ஜின் ஆயில் எரிந்து நீலப் புகை வரும். தேய்மானம் வரம்புக்குள் இருந்தால், சுவரை ஹோனிங் செய்து புதிய ரிங் போட்டாலே போதும். மீறியிருந்தால் 0.25 அல்லது 0.50 மி.மீ. கூடுதலாகப் போரிங் செய்து, அதற்கேற்ற பிஸ்டனைப் பொருத்த வேண்டும். கிராங்க் ஷாஃப்டைச் சாணை பிடிப்பது, வால்வு இருக்கைகளைச் சீராக்குவது எனப் பட்டியல் நீளும்.

குறைந்த செலவில் என்ஜினின் வேகத்தைக் கூட்ட விரும்பும் இளைஞர்கள் தவறுவது இங்கேதான். அளவெடுப்பதிலும் லேத் வேலையிலும் சிக்கனம் பிடித்து, பெரிய கார்புரேட்டருக்கும் இரைச்சலிடும் புகைபோக்கிக்கும் செலவழிக்கிறார்கள். போரிங் செய்வதால் மட்டும் ஆற்றல் கூடிவிடாது. மாருதி 800-இன் 796 சி.சி. என்ஜினை 0.50 மி.மீ. போரிங் செய்தால் கிடைப்பது ஏறத்தாழ 12 சி.சி.தான். இழந்த அழுத்தத்தை மீட்பதும், மூன்று பிஸ்டன்களின் எடையைத் தராசில் வைத்து ஒன்றுபோல் ஆக்குவதும் அதைவிட அதிகப் பலன் தரும். தராசுக்குப் பெரிய செலவில்லை, பொறுமைதான் வேண்டும்.

சிக்கனமும் வேகமும் சேர முடியும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. நாற்பது குதிரைத்திறனுக்கும் குறைவான அதே மாருதி 800 என்ஜினைக் கொண்டு, 1980-களின் இறுதியில் கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன் 'ஃபார்முலா மாருதி' என்னும் குறைந்த செலவுப் பந்தயக் காரை வடிவமைத்தார். செல்வந்தர்களின் பொழுதுபோக்காக இருந்த மோட்டார் பந்தயத்தில் மற்றவர்களும் நுழைய அது வழிவிட்டது. பிற்காலத்தில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியதும் அத்தகைய காரைத்தான். எவரும் பழுதுபார்க்கக்கூடிய, உதிரிபாகம் எங்கும் கிடைக்கிற என்ஜின் என்பதே அதன் பலம்.

அந்தப் பலத்தைத்தான் இன்றைய கொள்கைகள் ஒவ்வொன்றாகக் கரைத்து வருகின்றன. முதலாவது, எரிபொருள். 2030-க்கு வைத்திருந்த 20 சதவீத எத்தனால் கலப்பு இலக்கு 2025-இலேயே எட்டப்பட்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டு, 10 சதவீதக் கலப்புக்குச் சீரமைக்கப்பட்ட நான்கு சக்கர வாகனங்களில், 20 சதவீதக் கலப்பால் எரிபொருள் திறன் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என நீதி ஆயோக் வெளியிட்ட 2021-ஆம் ஆண்டு நிபுணர் குழு அறிக்கையே மதிப்பிட்டது. கார்புரேட்டர் என்ஜினில் சிக்கல் இன்னும் அதிகம். எத்தனால் எரியக் குறைந்த காற்றே போதும் என்பதால், பழைய ஜெட் அளவில் கலவை நீர்த்துப்போகும். பழைய ரப்பர் குழாய்களும் டயாஃப்ரம்களும் ஊறிச் சிதையும். எனவே, இன்று பழைய என்ஜினைப் புதுப்பிப்பவர் பிஸ்டனுக்கு முன்பாக ரப்பருக்குப் பணம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. எத்தனாலின் ஆக்டேன் எண் உயர்வு என்பதால், சிலிண்டர் ஹெட்டை அளவோடு சீவி அழுத்தத்தைக் கூட்டிப் பயனடையவும் வழியுண்டு. இதை உரிமையாளருக்கு யார் எடுத்துச் சொல்வது?

எரிபொருள் மாறுவது நமக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, மதுரையில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் கரிவாயுவில் வண்டியை ஓட்டும் கலனையே உருவாக்கினார். சீமைக் கருவேலத்தில் கரிமூட்டம் போடும் விளாத்திகுளத்தார் அந்தச் சரித்திரத்தை அறிந்தால் மகிழ்வார்கள். அன்று எரிபொருள் மாறியபோது, ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு ஏற்ற கருவி வந்தது. இன்று பழைய வண்டிக்காரருக்கு வந்திருப்பது கட்டண உயர்வு.

இரண்டாவது, தகவல். உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப்பட்டறைகளுக்குத் தர மறுத்ததற்காக, 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் சுமார் ரூ.2,545 கோடி அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஆராயக் குழு அமைத்தது. வாகனங்களும் வேளாண் கருவிகளும் அதன் வரம்பில் உள்ளன. தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. இன்றைய கார்கள் பழையனவாகும்போது, மென்பொருளைத் திறக்க வழியில்லாத கிராமப் பட்டறைக்காரர் கைபிசைந்து நிற்பார்.

மறுதரப்பிலும் நியாயம் உண்டு. வினையூக்கி மாற்றி இல்லாத பழைய கார், ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடும் மாசு புதிய காரைவிட அதிகம். எவ்வளவு நேர்த்தியாக வேலை பார்த்தாலும் அது பிஎஸ்-6 ஆகிவிடாது. வேகத்துக்காக அந்த மாற்றியைக் கழற்றி எறிவதை எவ்வகையிலும் ஏற்க முடியாது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. இருக்கும் என்ஜினைச் சீராக்குவதையும், வேறு என்ஜினை அனுமதியின்றிப் பொருத்துவதையும் ஒன்றாகக் கருத முடியாது.

ஆனால், மாசின் மொத்த அளவு கிலோமீட்டருக்கான மாசோடு நின்றுவிடுவதில்லை; ஓடும் தொலைவையும் பொருத்தது. வாரத்தில் இரண்டு நாள் ஓடும் காரையும், நாள்தோறும் நூறு கிலோமீட்டர் ஓடும் காரையும் பிறந்த ஆண்டைக் கொண்டு மட்டும் எடைபோடுவது சரியான அளவுகோல் அல்ல. புகை, பிரேக், ஸ்டியரிங் சோதனைகளில் நல்ல நிலையில் தேறும் வண்டிக்குப் புதுப்பித்தல் கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தரலாம். எத்தனாலைத் தாங்கும் குழாய், ஜெட் அடங்கிய மாற்றுத் தொகுப்புகளைப் பழைய மாடல்களுக்கும் நியாய விலையில் தருமாறு உற்பத்தியாளர்களைப் பணிக்கலாம். என்ஜினைப் பிரித்துப் புதுப்பித்ததற்கான பட்டறை ரசீதையும் அளவுக் குறிப்பையும் ஆவணமாக ஏற்கலாம். இப்போதோ, அறுவடைப் பணத்தைப் போட்டு என்ஜினைச் சீராக்கிக்கொண்டு வருபவரும், நீலப் புகையோடு வந்து எப்படியோ சான்றிதழ் பெற்றுவிடுபவரும் செலுத்துவது அதே பத்தாயிரம் ரூபாய்தான்.