மாடியில் நாலு தகடு. வாசலில் 'பசுமை' பலகை!

சென்னையில் புதிதாக எழும்பும் ஆபீஸ் கட்டடங்கள் பலவற்றின் வாசலில் "இது பசுமைக் கட்டடம்" என்று ஒரு பலகை தொங்குகிறது. வாடகைப் பேச்சும் அந்தப் பலகையைக் காட்டித்தான் ஆரம்பமாகிறது.

மொட்டை மாடியில் சோலார் தகடு இருந்தால் அதற்குத் தனி மார்க் உண்டு. நல்லதுதான். ஆனால் எவ்வளவு கரண்ட் வருகிறது என்று கேட்டால்தான் சங்கதி வெளியே வரும்!

என்ன கணக்கு?

பத்து மாடிக் கட்டடம், மாடிக்கு 10 ஆயிரம் சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, லிப்ட் ரூம், ஏ.சி. மிஷின் போனால் பாதி இடம் மிஞ்சும். ஒரு கிலோவாட் தகடுக்கு சுமார் 100 சதுர அடி வேண்டும். ஆக, 50 கிலோவாட். சென்னை வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளைக்கு 4 யூனிட் தரும். மொத்தம் 200 யூனிட். வருஷத்துக்கு 73 ஆயிரம்.

செலவு? ஏ.சி. ஆபீசுக்கு சதுர அடிக்கு வருஷம் 15 யூனிட் என்றாலும் 15 லட்சம்! வரவு நூற்றுக்கு ஐந்துகூட முழுசாக இல்லை.

இதே தகடுகளை வைத்து "பாதி கரண்ட் சூரியன் தருகிறது" என்றும் சொல்லலாம். எப்படி? படிக்கட்டு விளக்கு, லிப்ட், கார் நிறுத்துமிடம் ஆகியவற்றின் செலவை மட்டும் கீழே போட்டு வகுத்தால் போதும். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை.

'லீட்' என்ற அமெரிக்க முத்திரை, 2013-ல் வந்த தன் நான்காம் பதிப்பில், புதுக் கட்டடத்தின் மொத்த எரிசக்திச் செலவைத்தான் கீழே போடச் சொன்னது. அதில் நூற்றுக்கு 1 இருந்தாலே ஒரு மார்க், 5-க்கு இரண்டு, 10-க்கு மூன்று. தகட்டுக் கரண்டுக்கான பசுமைச் சான்றை வெளியே விற்றுவிட்டால், அந்தக் கரண்டைக் கட்டடக் கணக்கில் காட்டக்கூடாது என்பதும் அதன் விதி. நியாயம்தானே? மாட்டை விற்றவன் பாலுக்கும் சொந்தம் கொண்டாடலாமா!

ஐதராபாத் பசுமைத் தொழில் மையம் 2003-ல் 'லீட் பிளாட்டினம்' வாங்கியது. அமெரிக்காவுக்கு வெளியே அதுதான் முதல். 2004-ல் அப்துல் கலாம் திறந்து வைத்தார். அங்கேயும் தகடு இருக்கிறது. ஆனால் வெயிலைத் தடுக்கும் சுவர், முற்றம், மாடித் தோட்டம் என்று செலவைக் குறைக்கிற வேலையும் சேர்ந்து நடந்தது.

உயரமான கட்டடத்தைக் குறை சொல்லியும் பயனில்லை. தனி வீட்டுக்காரர் 3 கிலோவாட் போட்டால் நாளைக்கு 12 யூனிட். பல வீடுகளுக்கு அதுவே தாராளம். பத்து மாடிக்காரர் தலைகீழாக நின்றாலும் அது முடியாது. முப்பந்தல் காற்றாலையில் கரண்ட் வாங்கட்டும், தப்பில்லை. அதைத் தனி வரியில் எழுதட்டும். மாடிக் கணக்கில் கலக்க வேண்டாம்.

முத்திரைக்கு ஆதாரமாகக் காட்டுவது பெரும்பாலும் கட்டுவதற்கு முன்பு போட்ட கம்ப்யூட்டர் மதிப்பீடு. அப்புறம் தகட்டில் தூசி படிகிறது. பக்கத்து மனையில் பெரிய கட்டடம் எழும்பி நிழல் விழுகிறது. பலகை மட்டும் பளபளவென்று அப்படியே இருக்கிறது.

போன வருஷம் தகடு தந்தது எத்தனை யூனிட், கட்டடம் தின்றது எத்தனை யூனிட் — மீட்டர் காட்டிய இந்த இரண்டு எண்ணையும் அதே பலகையில் எழுதச் சொல்ல வேண்டும். வாடகைக்கு வருகிறவர் படித்துப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கட்டும்.